கறை படிந்த சேலையும் 360 பொம்மைகளும்

‘பேரிடரால் பாதிக்கப்பட்டோருக்கு நாம் எவ்வாறு உதவலாம்?’ இந்தத் தலைப்பைப் படிவம் 5 மாணவர்களுக்குக் கொடுத்துக் கருத்து விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னேன். முப்பத்திரண்டு கட்டுரைகள் வந்தன. திருத்தி முடித்தபோது ஒரே கட்டுரையை முப்பத்திரண்டு முறை படித்த மாதிரி இருந்தது. உணவு, உடை, மருந்து வழங்கலாம், நன்கொடை திரட்டலாம், தன்னார்வலராகச் சேரலாம். இலக்கணப் பிழை அதிகமில்லை. திருக்குறளும் பழமொழியும் வர வேண்டிய இடத்தில் வந்திருந்தன. ஆனால் ‘நன்கொடை திரட்டலாம்’ என்று எழுதியவர்களில் ஒருவர்கூட அதை எப்படித் திரட்டுவது, திரட்டிய பணம் யார் கைக்குப் போகும் என்று எழுதவில்லை. விளக்கக் கட்டுரையில் ‘எப்படி’ இல்லையென்றால் பிறகு என்னதான் மிச்சம்?

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் கொடுக்கிற குறிப்புகளும் அப்படித்தானே இருக்கின்றன! அதனால் இந்த முறை பட்டியல் போடாமல், ஒரே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு அதற்குள் இறங்கிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். துணியில் பொம்மை செய்து வெள்ள நிவாரணத்துக்குப் பணம் சேர்த்த கதை அது. ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தலாம். தேர்வு எழுதும் மாணவர்கள் அப்படியே மனனம் செய்ய வேண்டாம். எப்படி விளக்குகிறோம் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

சேந்தமங்கலத்தில் நடந்தது

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், வடக்குப் பரவூருக்குப் பக்கத்தில் சேந்தமங்கலம் என்ற ஊர் இருக்கிறது. (நாமக்கல் பக்கமும் ஒரு சேந்தமங்கலம் உண்டு. அது வேறு ஊர். இணையத்தில் தேடும்போது குழம்பிவிடாதீர்கள்.) பெரியாறு பாயும் வட்டாரம். சங்க இலக்கியத்தில் வரும் முசிறித் துறைமுகம் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஊருக்கு இன்னொரு பெருமை, கைத்தறி. வெள்ளை என்றும் சொல்ல முடியாத, மஞ்சள் என்றும் சொல்ல முடியாத அந்தப் பால் நிறப் பருத்திச் சேலை, செட்டு முண்டு, மெல்லிய கரை வைத்த வேட்டி எல்லாம் ஓணம் படங்களில் பார்க்கிறோமே, அந்த வகைத் துணிகளை நெய்யும் ஊர். சேந்தமங்கலம் வேட்டிக்கும் செட்டு முண்டுக்கும் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

நம் ஊர்த் தையல்காரருக்குத் தீபாவளி எப்படியோ, கேரளத்து நெசவாளருக்கு ஓணம் அப்படி. வருடத்தின் பெரிய விற்பனை அந்தச் சில வாரங்களில்தான்.

2018-ஆம் ஆண்டு திருவோணம் ஆகஸ்ட் 25-இல் வந்தது. அதற்குப் பத்து நாளுக்கு முன்னால் மழை கொட்டித் தீர்த்தது. அந்த மாதத் தொடக்கத்திலேயே இடுக்கி நீர்த்தேக்கம் நிரம்பி, செறுதோணி அணையின் மதகுகளை 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்க வேண்டி வந்திருந்தது. 1924-க்குப் பிறகு கேரளம் அப்படி ஒரு வெள்ளத்தைக் கண்டதில்லை என்றார்கள். நானூறு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். சேந்தமங்கலத்தில் தறிகள் நீரில் மூழ்கின. மரம் ஊறியது, நூல் சேறானது. ஓணத்துக்காக நெய்து அடுக்கி வைத்திருந்த சேலைகளும் சேற்றில் கிடந்தன.

வெளிர் நிறத் துணி, அதில் சேற்றுக்கறை. நாள்கணக்கில் ஈரத்தில் கிடந்ததால் பூஞ்சணம் வேறு. துவைத்தாலும் முழுதாகப் போகாது. புதுச் சேலை வாங்க வருகிறவர் யாராவது கறை படிந்த சேலையை எடுப்பாரா? அதோடு, உழைப்பு எல்லாம் முடிந்து விற்பனைக்குத் தயாராக இருந்த சரக்கு இது. நெய்யாத நூல் போயிருந்தால் நூல் விலைதான் நட்டம். நெய்து முடித்த சேலை போனால் நூலும் போச்சு, நெய்த நாள்களும் போச்சு.

இந்த இடத்தில்தான் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் கொச்சிப் பகுதியைச் சேர்ந்த வடிவமைப்பாளர் லட்சுமி மேனன். (மாணவர்கள் உடனே ‘டீச்சர், நடிகையா?’ என்று கேட்பார்கள். இல்லை, இவர் வேறு.) விதை வைத்த காகிதப் பேனா செய்து ஏற்கெனவே பெயர் பெற்றவர். இன்னொருவர், பொறுப்பான சுற்றுலாத் துறையில் பணியாற்றி வந்த கோபிநாத் பாறயில். கறை படிந்த சேலைகளைச் சுத்தம் செய்து, குளோரின் கலந்த நீரிலும் கொதிநீரிலும் போட்டுக் கிருமி நீக்கி, சிறு துண்டுகளாக வெட்டிப் பொம்மை செய்யலாம் என்று திட்டமிட்டார்கள். கறையை மறைக்கவில்லை, அது பொம்மையின் உடம்பிலேயே இருந்தது. பொம்மைக்குச் சேக்குட்டி என்று பெயர் வைத்தார்கள்.

பெயரைப் பற்றித் தமிழாசிரியர்களுக்குச் சொல்லாமல் போக முடியாது. மலையாளத்திலும் சேற்றைச் ‘சேறு’ என்பார்கள். குட்டி என்றால் குழந்தை. சேற்றிலிருந்து பிழைத்து வந்த குழந்தை என்று பொருள். சேந்தமங்கலத்துக் குழந்தை என்றும் விளக்கம் சொன்னார்கள். நம் இலக்கணப்படி சேர்த்தால் என்ன வரும் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ‘சேறுகுட்டி’, ‘சேறுக்குட்டி’ என்று பல பேர் எழுதுவார்கள். சேறு என்பது நெடில்தொடர்க் குற்றியலுகரம். றகரம் இரட்டித்துச் ‘சேற்று’ ஆகும். பிறகு வல்லினம் மிகும். சேற்றுக்குட்டி. ஆற்றுநீர், சேற்றுவயல் என்பவையும் இதே விதிதான். புணர்ச்சி விதியைப் பாடமாக நடத்தும்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற பிள்ளைகள்கூடப் பொம்மைக்குப் பெயர் வைக்கச் சொன்னால் உற்சாகமாக வருவார்கள்.

கணக்கைப் பாருங்கள்

ஒரு சேலையின் விலை ஏறத்தாழ 1300 முதல் 1500 ரூபாய் வரை. ஒரு சேலையிலிருந்து 360 பொம்மைகள் செய்யலாம். பொம்மை ஒன்று 25 ரூபாய்; அன்றைய மாற்று விகிதத்தில் நம் பணத்துக்கு ஒன்றரை வெள்ளி இருக்கும். 360-ஐ 25-ஆல் பெருக்கினால் 9000 ரூபாய். அதாவது வீணாகிப்போன ஒரு சேலை, நன்றாக இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விலையைப் போல ஆறு மடங்குப் பணத்தைத் தருகிறது. இந்தப் பணம் கரிம்பாடத்தில் உள்ள கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு, அதாவது அந்தச் சேலைகளின் சொந்தக்காரர்களுக்கே போகும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் பட்டென்று கேட்டான்: “அப்போ டீச்சர், வெள்ளம் வந்தா லாபமா?”

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அந்த ஆறு மடங்கு எங்கிருந்து வந்தது? துணியிலிருந்து வரவில்லை. பொம்மை செய்தவர்கள் தன்னார்வலர்கள். பள்ளிகளில், கல்லூரிகளில், அலுவலகங்களில், வீடுகளில் உட்கார்ந்து கூலி வாங்காமல் செய்தார்கள். ஒரு பொம்மைக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால்கூட 360 பொம்மைக்கு 3600 நிமிடம், அறுபது மணி நேரம். ஒரு சேலைக்குப் பின்னால் யாரோ சிலர் தங்கள் வாழ்க்கையிலிருந்து அறுபது மணி நேரத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கியவர்களும் துணிப்பொம்மை என்பதற்காக 25 ரூபாய் கொடுக்கவில்லை. அந்தக் கறையின் கதைக்காகக் கொடுத்தார்கள். இதையெல்லாம் சேர்த்துத்தான் 9000.

அதனால் அந்த மாணவனுக்கு நான் சொன்ன பதில் இது: வெள்ளத்தால் லாபம் இல்லை. நெசவாளருக்கு வந்த நட்டத்தில் ஒரு பகுதியை முன்பின் தெரியாத ஆயிரம் பேர் தங்கள் நேரத்தால் பங்கு போட்டுக்கொண்டார்கள். உடைந்த தறியைப் பொம்மை சரிசெய்துவிடாது. அதற்கு வேறு குழுக்கள் வேலை செய்தன. பொம்மையின் வேலை, வீணாகிவிட்ட சரக்கை மறுபடி சரக்காக்குவது.

யாருடைய துணி, யாருடைய கை

ஒன்றை மட்டும் சொன்னால் அதன் தனித்தன்மை தெரியாது, அதனால் இன்னொன்றையும் பக்கத்தில் வைக்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியை நம் நாட்டிலும் மறக்க முடியாது. பினாங்கு, கெடா பகுதிகளில் உயிரிழப்பு ஏற்பட்டு, மலேசியாவில் மொத்தம் 68 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டுக் கரையில் பாதிப்பு இதைவிடப் பல மடங்கு. புதுச்சேரிக்குப் பக்கத்து ஆரோவில்லில் உபாசனா என்ற வடிவமைப்பு நிலையத்தை நடத்தும் உமா பிரஜாபதி, சுற்றுவட்டார மீனவக் குடும்பப் பெண்களை அழைத்து, ஆடைத் தயாரிப்பில் மிஞ்சும் துண்டுத் துணிகளில் விரல் அளவே உள்ள பொம்மை செய்யப் பழக்கினார். ‘சுனாமிகா’ என்று பெயர். கடலைப் பார்க்கவே பயந்துபோயிருந்த பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டே தைக்க ஓர் இடம் கிடைத்தது. செய்த வேலைக்கு வருமானமும் கிடைத்தது. இந்தப் பொம்மைக்கு விலையே கிடையாது. அன்பளிப்பாகத்தான் கொடுப்பார்கள்; விரும்புகிறவர்கள் நன்கொடை தரலாம். அந்த நன்கொடையில்தான் திட்டம் ஓடியது.

இரண்டும் பொம்மை, இரண்டும் துணி, இரண்டும் பேரிடருக்குப் பிறகு வந்தவை. மேலோட்டமாக எழுதுகிற மாணவர் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுவார். உள்ளே போனால் நேர் எதிர். சேக்குட்டியில் துணி பாதிக்கப்பட்டவருடையது, கை மற்றவர்களுடையது. சுனாமிகாவில் துணி வேறிடத்துத் துணி, கை பாதிக்கப்பட்டவருடையது. சேந்தமங்கலத்து நெசவாளருக்குத் தொழில் தெரியும். அவருக்குத் தேவைப்பட்டது சரக்கின் விலையும் தறியும். அவரை உட்கார வைத்துப் பொம்மை செய்யச் சொன்னால் அது அவருடைய திறமையை அவமதிப்பது மாதிரி ஆகிவிடும். கணவரின் படகும் வலையும் போய், வீட்டில் பயந்து உட்கார்ந்திருந்த பெண்ணுக்கோ கைக்கு வேலையும் பேச்சுத் துணையும்தான் முதலில் தேவை. தேவை வேறு, அதனால் வழியும் வேறு.

இந்த ஒப்பீடு எனக்குப் புரிவதற்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்த வெள்ளம் பலருக்கு நினைவிருக்கும். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்ற படங்களை எல்லாரும் பார்த்தோம். என் மாணவர்கள் சிலர் வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. மறு ஆண்டு பள்ளியின் கேண்டீன் நாளில் வெள்ள நிவாரணத்துக்கு நிதி திரட்டலாம் என்று நானும் கழக மாணவர்களும் ஃபெல்ட் துணியில் சாவிக்கொத்து செய்தோம். துணி, நூல், பஞ்சு, வளையம் எல்லாம் கடையில் வாங்கியதில் 180 வெள்ளி செலவு. ஒன்று 3 வெள்ளி என்று 94 விற்றோம். 282 வெள்ளி வந்தது. செலவு போக மிச்சம் 102. ஒரு வாரம் பிள்ளைகள் மதியம் வீட்டுக்குப் போகாமல் தைத்தார்கள். அந்த 180 வெள்ளியை நேராகக் கொடுத்திருந்தாலே அதிகம் போயிருக்கும். பிள்ளைகளிடம் அப்போது இதைச் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை.

அதைவிட உறுத்தியது வேறொன்று. சாவிக்கொத்து தைத்த பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறவர். வெள்ளத்தில் தையல் இயந்திரம் மூழ்கிவிட்டது. பொங்கலுக்காக வாடிக்கையாளர் கொடுத்து வைத்திருந்த ரவிக்கைத் துணிகள் அத்தனையும் சேறு. அந்தப் பெண் ரொம்ப நாள் கழித்து, பேச்சோடு பேச்சாக, “எங்க வீட்டுக்கு மூணு மூட்டை பழைய துணி வந்துச்சு டீச்சர். எங்கம்மா தைக்கறவங்கன்னு யாருமே கேட்கல” என்றாள். நானும் கேட்கவில்லை. அவரிடம் கேட்டிருந்தால் எந்தத் துணியை எப்படி வெட்டினால் வீணாகாது என்றாவது சொல்லியிருப்பார். நாங்களோ கடையில் புதுத் துணி வாங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் சாவிக்கொத்தில் துணியும் பாதிக்கப்பட்டவருடையது இல்லை, கையும் அவருடையது இல்லை.

இதனால் பள்ளிகளில் கைவினைப் பொருள் விற்று நிதி திரட்டவே கூடாது என்று சொல்லவில்லை. தைக்கக் கற்றுக்கொண்டார்கள், ஒன்றாக உட்கார்ந்தார்கள், அதுவும் ஒரு பயன்தான். ஆனால் அதை நிவாரணம் என்று பெயரிட்டு எழுதுமுன் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எழுத்தில் இது எங்கே தெரியும்?

முப்பத்திரண்டு கட்டுரைகளையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எல்லாக் கட்டுரைகளிலும் பாதிக்கப்பட்டவர் நான்காம் வேற்றுமையிலேயே வருகிறார். பாதிக்கப்பட்டோருக்கு உணவு, பாதிக்கப்பட்டோருக்கு உடை, அவர்களுக்கு ஆறுதல். ‘கு’ உருபின் முதல் பொருளே கொடை என்று நாம்தான் சொல்லிக் கொடுத்தோம். எழுவாயாக ஒரு வாக்கியத்தில்கூட அவர் வரவில்லை. அவர் எதையும் செய்வதில்லை, வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். சேக்குட்டியை விளக்க ஆரம்பித்தால் வாக்கியம் தானாக மாறுகிறது: நெசவாளர்கள் துணியைத் தந்தார்கள், நெசவாளர் சங்கம் விலையைப் பெற்றது.

சொல் தேர்விலும் கவனம் வேண்டும். ‘நிதி வசூலித்தனர்’ என்று பலர் எழுதுகிறார்கள். வசூல் என்றால் கட்டணம், வரி, கடன் மாதிரி கொடுத்தே ஆக வேண்டியதை வாங்குவது. விருப்பப்பட்டுக் கொடுப்பதை ‘திரட்டினர்’ என்பதே பொருத்தம். பொம்மை வாங்க 25 ரூபாய் கொடுத்தால் அது நன்கொடையா, விலையா? சேக்குட்டியில் விலை. சுனாமிகாவில் நன்கொடை. ‘நிவாரணம்’ உடனடித் துயர் துடைப்பு, அதாவது சோறு, பாய், மருந்து. தொழிலை மறுபடி தொடங்க வைப்பது ‘மறுவாழ்வு’. தலைப்பில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். கைத்தறி பற்றி எழுதும்போது ‘பாவு’ நீளவாட்டு நூல், ‘ஊடை’ குறுக்கு நூல். இந்த இரண்டு சொல் தெரிந்தாலே போதும், அதற்கு மேல் அலங்காரம் வேண்டாம்.

மாதிரிக்கு ஒரு பத்தி தருகிறேன். முதலில் ஒரு கட்டுரையில் இருந்த வரி:

‘கைவினைப் பொருள்களை விற்று நன்கொடை வசூலித்துப் பாதிக்கப்பட்டோருக்கு வழங்கலாம்.’

அதையே விரித்தால்:

‘பேரிடரில் பழுதடைந்த பொருளையே கைவினைப் பொருளாக மாற்றி விற்பது இன்னொரு வழியாகும். 2018-இல் கேரளத்தின் சேந்தமங்கலம் நெசவாளர்கள் ஓணத்துக்காக நெய்து வைத்திருந்த சேலைகள் வெள்ளச் சேற்றில் பாழாகின. தன்னார்வலர்கள் அச்சேலைகளைத் தூய்மைப்படுத்திச் சேக்குட்டி என்னும் பொம்மைகளைச் செய்தனர். ஒரு சேலையில் 360 பொம்மைகள் கிடைத்தன. பொம்மை ஒன்று 25 ரூபாய்க்கு விற்கப்பட்டதால், சுமார் 1500 ரூபாய் மதிப்புள்ள ஒரு சேலை 9000 ரூபாய் ஈட்டும் நிலை உருவானது. தன்னார்வலர்கள் கூலி பெறாமல் உழைத்ததே இதற்குக் காரணம். நெசவாளர்கள் பிறரிடம் கையேந்தாமல் தம் துணிக்கு உரிய விலையைப் பெற்றனர்.’

ஏழு வாக்கியம்தான். இடம், ஆண்டு, எண், காரணம், யார் பெற்றார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. பள்ளியிலோ குடியிருப்பிலோ நடந்த ஒரு நிதித் திரட்டலைத் தெரிந்தால் சேக்குட்டிக்குப் பதிலாக அதையே எழுதலாம்; சொந்தமாகப் பார்த்தது இன்னும் நன்றாக வரும்.

பயிற்சி: உங்கள் வட்டாரத்தில் வெள்ளம், தீ, மண்சரிவு ஏதேனும் ஒன்றுக்காக நடந்த நிதித் திரட்டலை 80 முதல் 100 சொற்களில் விளக்கி எழுதுக. செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு, பணம் யாரிடம் சேர்ந்தது என்பதை விசாரித்து எழுத வேண்டும். குறைந்தது இரண்டு வாக்கியங்களில் பாதிக்கப்பட்டவர் எழுவாயாக வர வேண்டும். எழுதி முடித்ததும் ‘-க்கு’ வரும் இடங்களை எல்லாம் பென்சிலால் கோடிட்டு எண்ணிப் பாருங்கள்.